விளக்கில் ஊற்றியது

பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருந்த அரசுத் துறைச் செயலர் அம்மா பதினொன்றேகால் ஆகியும் வந்தபாடில்லை. ஷாமியானாவுக்குக் கீழே இருந்த இருநூறு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, ஏழாவது வரிசை ஓரத்து நாற்காலியில் இருந்த செங்கமலம் மட்டும் மேடையில் நின்ற குத்துவிளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சுயரப் பித்தளை விளக்கு, அரியலூரில் வாடகைக்கு எடுத்தது, கழுத்தில் மல்லிகைச் சரம், ஐந்து முகத்திலும் ஐந்து திரி. கேமராவுக்கு வாகாக இருக்கட்டும் என்று மேடையின் முன்னோரத்தில், வெயில் நேராக விழுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். பின்னால் பேனர்: புகையிலிருந்து பிறந்த ஒளி. பக்கத்து சிமென்ட் ஆலையின் புகைபோக்கி வழியாகப் போகிற கரியமில வாயுவைப் பிடித்து, அதிலிருந்து இந்த ஆய்வுக்கூடம் தயாரித்த மெத்தனால் என்கிற எரிபொருள்தான் விளக்கில் எரியப்போகிறது என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். விளக்கில் இருப்பது நல்லெண்ணெய். பஸ் ஸ்டாப் மளிகைக்கடையில் காலை ஏழரை மணிக்கு வாங்கிய அரை லிட்டர் பாக்கெட். ஊற்றியது செங்கமலம். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்னொரு தடவை வாய்த்தாலும் இதையேதான் செய்வாள். அப்புறம் நாலு பேர் கை வெந்துபோகாமல் காப்பாற்றியவள் எதற்காகத் திருடி மாதிரி ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெத்தனால் ஒன்றும் பொய் இல்லையே, அதுதான் கொடுமை. இந்த மேடைக்கு நூறு அடி தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே, மூன்று வருஷமாக அது சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆலையின் புகையைக் குழாய் போட்டு இழுத்து, தூசியைத் தட்டி, கந்தகத்தை வடிகட்டி, மீன் வாடை அடிக்கிற ஒரு கரைசலில் குளிப்பாட்டினால் கரியமில வாயு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சுடவைத்தால் விட்டுவிடும். தண்ணீரை மின்சாரத்தால் உடைத்து எடுத்த ஹைட்ரஜனோடு அதைச் சேர்த்து, அழுத்தி, இருநூற்று நாற்பது டிகிரி சூட்டில் ஒரு இரும்புக் குழாய்க்குள் அனுப்ப வேண்டும். குழாய்க்குள்தான் இருக்கிறது விஷயம். செம்பும் துத்தநாகமும் கலந்த கறுப்பு வில்லைகள், மாத்திரை அளவு, கேட்டலிஸ்ட் என்பார்கள், வினையூக்கி என்று பேனரில் போடுவார்கள். சாமானியத்தில் எதோடும் சேராத அந்த வாயுவை மசியவைத்து மெத்தனாலாக்குவது அந்த வில்லைகள். அது புதுசாக வந்ததும் அப்படியே போட்டு ஓட்டிவிட முடியாது. முதலில் துளித்துளியாக ஹைட்ரஜன் காட்டிப் பதப்படுத்த வேண்டும், மணிக்கு அஞ்சு டிகிரி, பத்து டிகிரி என்று ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே சூடு எகிறி வில்லை இறுகிப்போகும், அப்புறம் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பச்சைப் பிள்ளைக்குச் சோறு பழக்குகிற மாதிரி. முதல் லோடு வில்லை செத்துப்போனது கந்தக வடிகட்டியை மாற்றாமல் விட்டதால். மாற்றணும் சார் என்று மூன்று வாரம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றவர் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவர், திட்ட இயக்குநர் டாக்டர் மதிவதனன். இரண்டாவது லோடை முப்பத்தாறு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் பதப்படுத்தினாள். அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதில் வந்த மெத்தனாலின் முதல் சொட்டைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பதினாலு வருஷம் சாயப்பட்டறை லேபில் கழிவுத் தண்ணீரை மோந்துகொண்டிருந்தவளுக்கு, நாற்பது வயசுக்கு மேல் வந்த ஒரே நல்ல வேலை இது.

வீட்டில் கொழுந்தன் மட்டும், "என்ன அண்ணி, புகையில இருந்து சாராயம் காய்ச்சுறீங்களாமே" என்று ஆறு மாசமாக அதே கேலியைச் செய்துகொண்டிருக்கிறான். மெத்தனால் என்றால் ஊரில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். விஷச் சாராயம், வரிசையாகப் படுத்திருக்கிற பிணங்கள், கண் போனவர்கள். அதில் தப்பும் இல்லை, அதுவேதான் இது. தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரு மடக்கு உள்ளே போனால் கண் அவியும். அதனால்தான் மாசம் ஒரு தடவை மதுவிலக்கு போலீஸ் வந்து பீப்பாய் சீலைப் பார்த்துவிட்டுப் போகிறது. சோதனைக்கு ஐம்பது மில்லி எடுப்பதென்றாலும் செங்கமலம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவள் எழுதாமல் ஒரு சொட்டு வெளியே போனதில்லை. அப்படிப் பூட்டிப் பூட்டி வைக்கிற சாமானை, சாமி விளக்கில் திறந்த தட்டில் ஊற்றி, பட்டுப்புடவை கட்டின பெண்பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துப் பற்றவைப்போம் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றுகிறது பார், படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தீபாவளிக்கு எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸை அவரே கையால் கொடுப்பார், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் காரை அனுப்புவார். ஆனால் போட்டோ என்று வந்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது. இந்தச் சாமான் தெரிய வேண்டும், உலகத்துக்கே தெரிய வேண்டும் என்கிற வெறி. தெரிய வேண்டும் என்று செங்கமலத்துக்கு மட்டும் இல்லையா என்ன.

நேற்றுச் சாயந்திரம் கன்ட்ரோல் ரூமில் ஒத்திகை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, ஒரு அகல் விளக்கில் ஐம்பது மில்லி ஊற்றிப் பற்றவைத்தார்கள். என்ன அழகு. நீலமாக, சத்தமே இல்லாமல், ஒரு துளி புகை இல்லாமல், ஆவி நடுங்குகிற மாதிரி எரிந்தது. ரோஸ்லின் கூட, அந்தச் சின்னப் பெண், போன வருஷம்தான் பி.டெக். முடித்துவிட்டு வேலைக்கு வந்தவள், "அக்கா, பூ மாதிரி இருக்குக்கா" என்றாள். மதிவதனன் சார் மூன்று பக்கத்திலிருந்து வீடியோ எடுத்தார். எடுத்து முடித்து லைட்டைப் போட்டார்கள். போட்டதும் தீ காணாமல் போனது. எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் இல்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அகலைப் பார்க்கவில்லை. செங்கமலம் பார்த்தாள். "சார், இது வெயில்ல தெரியாது சார்" என்றாள். எது என்றார். "மெத்தனால் தீ. பகல்ல கண்ணுக்கே தெரியாது. பத்திக்கலைன்னு நெனச்சுத் திரும்பவும் கையைக் கொண்டுபோவாங்க. திரி மட்டும் எரியாது சார், தட்டு முழுக்க எரியும்." இப்போதுதானே பார்த்தோம் என்றார். "லைட்டை அணைச்சிட்டுப் பார்த்தோம் சார்." அவர் சிரித்தார். சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "நல்ல காரியத்துல வாயை வைக்காதீங்கம்மா. எல்லாத்துக்கும் ஒரு பயம் வெச்சிருக்கீங்க" என்றார். வீட்டுக்குப் போனதும் மனசு கேட்காமல் வாட்ஸப்பில் நீளமாக எழுதிப் போட்டாள், என்ன ஆபத்து, எதனால், அதற்குப் பதில் என்ன செய்யலாம், ஒரு கண்ணாடிக் குடுவையில் மெத்தனாலைப் பார்வைக்கு வைத்துவிட்டு விளக்கில் வழக்கம்போல எண்ணெய் ஊற்றலாமே என்று எல்லாம். இரண்டு டிக் நீலமாயிற்று. ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான் பதில். அந்த மஞ்சள் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறுகிறது.

அவள் பயத்தைப் பற்றிப் பேசுகிறார்களே, அவள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தொட்டுத் தெரிந்துகொண்டவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாசம் நடுப்பகலில், சாம்பிள் எடுக்கிற வால்வுக்குக் கீழே இருந்த தட்டில் கொஞ்சம் சிந்தியிருந்தது. பக்கத்தில் வெல்டிங் வேலை. பொறி பறந்ததை அவள் கவனிக்கவில்லை. தட்டு ஈரமாக இருக்கிறதே என்று துணியை எடுத்துத் துடைக்கப் போனாள். ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெயில், வெறும் தகரம், துணியின் ஓரம் மட்டும் தானாகச் சுருண்டு கறுத்தது, இதென்ன வேடிக்கை என்று பார்த்துக்கொண்டே இருந்தபோது விரல்கள் போய்விட்டன. போய்விட்டன என்றால் போகவில்லை, இடது கையில் மூன்று விரல், தோல் வழன்று இரண்டு மாசம் கட்டு. வலியைவிட அந்த ஒரு நொடி, காற்று கடிக்கிறது என்று மூளை நம்பாமல் நின்ற நொடி, அதுதான் இன்னமும் தூக்கத்தில் வருகிறது. பக்கத்தில் நின்றவர்கள், "ஏன் கத்துற, என்னாச்சு" என்று கேட்டார்கள். எரிகிற கையைப் பார்த்து என்னாச்சு என்று கேட்டார்கள். விபத்து அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கவனிக்கவில்லையாம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள், போட்டாள். ஏன் போட்டாள், அன்றைக்கே ஏன் பேனாவைத் தூக்கி மூஞ்சியில் எறியவில்லை என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம்.

"என்னா தங்கச்சி, தலைக்கு எண்ணெய் வெச்சிட்டு வந்தியா, நல்லெண்ணெய் வாசம் தூக்குது" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பாய்லர் ஆபரேட்டர் கலியபெருமாள் அண்ணன். செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. வெள்ளிக்கிழமை இல்லையா அண்ணே என்றாள், நல்லவேளை அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார். அவரிடம் சொல்லலாம்தான், சொன்னால் புரிந்துகொள்வார், ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது, பத்து நிமிஷத்தில் சமையல்காரர் வரைக்கும் போய்விடும். காலையில் ஸ்டோர் ரூமில் தனியாக நின்று அவள் விளக்கைக் கவிழ்த்ததும், அதில் ஏற்கெனவே ஊற்றியிருந்த மெத்தனாலைப் பீப்பாயில் திரும்ப ஊற்றி, எடுத்ததைத் திரும்ப வைத்ததாக நோட்டில் எழுதியதும், தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துணியால் துடைத்து வெயிலில் காயவைத்ததும், பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடியது. பித்தளைக்குள் எண்ணெயின் நிறம் தெரியாது. திரியும் புதுசு. சீக்கிரம் பற்ற வேண்டும் என்று ஐந்து திரி நுனியிலும் கற்பூரத்தைப் பொடித்து வைத்திருந்தாள், எல்லா விழாவிலும் செய்கிறதுதான். எதையும் விடவில்லை. அப்புறமும் படபடக்கிறது. தப்பு செய்தவர்கள் எல்லாம் முன்வரிசை சோபாவில் சாய்ந்து இளநீர் குடிக்கிறார்கள், அவளுக்குப் படபடக்கிறது. அந்த சோபாவைப் பார். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேராசிரியர்கள், இரண்டு பேர் கெமிஸ்ட்ரி. அழைப்பிதழை அவர்களும் படித்திருப்பார்களே, பட்டப்பகலில் மெத்தனாலா, வேண்டாமப்பா என்று ஒருத்தர் வாயைத் திறந்திருக்கக் கூடாதா.

சைரன் வைத்த கார் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். செயலர் அம்மா நினைத்ததைவிடச் சின்ன உருவம், காட்டன் புடவை, முந்தானையைப் பின் குத்தாமல் தோளில் தளரவிட்டிருந்தார், செங்கமலம் முதலில் பார்த்தது அந்த முந்தானையைத்தான். பொன்னாடை, பூங்கொத்து, வாழ்த்துப் பாட்டு. பிறகு மெழுகுவத்தியை ரோஸ்லின் தட்டில் வைத்து நீட்டினாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, விளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது பிள்ளை. செயலர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், முந்தானை நுனி விளக்குத் தட்டின்மேல் உரசியது. அதில் இருப்பது எண்ணெய், எண்ணெய், நான் ஊற்றியது, என் கையால் ஊற்றியது என்று செங்கமலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் திரி பற்றியது. மஞ்சளாக, குண்டாக, தாராளமாக ஒரு சுடர், வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது திரி, மூன்றாவது. மெழுகுவத்தி கை மாறி மாறிப் போய் ஐந்தும் எரிந்தது. அதன் மேல் கறுப்பாகப் புகை நூல் விட்டது. இருநூறு பேரும் கைதட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செங்கமலம் நாற்காலியில் சாய்ந்து மூச்சை விட்டாள், போதும், முடிந்தது, இனி சாம்பார் சாதத்தைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்கு இருந்தது.

அதற்குள் மதிவதனன் சார் மைக்கைப் பிடித்தார். "பாருங்க, இந்தச் சுடரைப் பாருங்க. இந்த மண்ணைக் கெடுத்த புகைதான் இன்னிக்கு இந்த மண்ணுக்கு வெளிச்சமா நிக்குது" என்றார். குரல் தழுதழுத்தது, நிஜமாகவே தழுதழுத்தது, அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார், சுடரைப் பார்க்கவில்லை. செங்கமலத்துக்குச் சட்டென்று கோபம் தலைக்கேறியது. மெத்தனால் புகையாது. கரி விடாது. மஞ்சளாகவே எரியாது. பிளஸ் டூ லேபில் ஒரு தடவை உருப்படியாக நின்றவனுக்குத் தெரியும். சோபாவில் இருக்கிற மூன்று பேரில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு விளக்கைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர் காதில் எதையோ சொன்னார், அவர் உதட்டைப் பிதுக்கினார், இரண்டு பேரும் மறுபடி கைதட்டினார்கள். தெரியாமல் கைதட்டுகிறவனை மன்னித்துவிடலாம். இவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்து, நமக்கு எதற்கு வம்பு, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தட்டுகிறார்கள். மூன்று வருஷம் அவள் காத்த நிஜமான சாமான் பூட்டின பீப்பாயில் கிடக்கிறது, பஸ் ஸ்டாப் நல்லெண்ணெய்க்கு இவ்வளவு கைதட்டல். இந்த நாடகத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்ததும் அவளேதான். அப்படி நினைத்தபோது கோபத்துக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அவள் மேலேயே வந்து விழுந்தது.

செயலர் அம்மா பேச வந்தார். எழுதி வைத்ததைப் படிக்கவில்லை, அதற்காகவே செங்கமலத்துக்கு அவரைப் பிடித்தது. "எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனா இந்த விளக்கை ஏத்துனப்ப எனக்கே சிலிர்த்துச்சு" என்றார். "இதை நாம மட்டும் பார்த்தா போதாது. குழந்தைங்க பார்க்கணும். அடுத்த மாசம் அறிவியல் தினம் வருது. இந்த மாவட்டத்துல அறுபத்திரண்டு அரசுப் பள்ளி எங்க அறிவியல் மன்றத் திட்டத்துல இருக்கு. ஒவ்வொரு பள்ளிக்கும் இந்த எரிபொருள்ல ஒரு பாட்டில் அனுப்புவோம். ஒரு குழந்தை, தன் கையால, இதே மாதிரி விளக்கேத்தட்டும். என்ன டாக்டர், முடியுமா?" மதிவதனன் சார் எழுந்து நின்று, முடியும் மேடம், கண்டிப்பா மேடம் என்று இரண்டு கையையும் கூப்பினார். அன்றைக்கு அதுவரை கேட்காத கைதட்டல் அப்போது கேட்டது. கலியபெருமாள் அண்ணனும் தட்டினார். செங்கமலத்தின் கை மட்டும் மடியில் அப்படியே கிடந்தது.

அறுபத்திரண்டு. ஆறாங்கிளாஸ் பிள்ளை, ரெட்டை ஜடை, யூனிபார்ம் தாவணி வரைக்கும் வராத வயசு, பாலியெஸ்டர் பாவாடை. மைதானத்தில் பத்து மணி வெயில். மிஸ் இது பத்தலை மிஸ் என்று சொல்லும். இன்னும் கிட்டே போ என்பார் டீச்சர். அது போகும். அதுவும் தப்பித்தாலும் பாட்டிலில் மிச்சம் இருக்குமே, தண்ணீர் மாதிரி, பீரோ மேலே, வாட்ச்மேன் கண்ணில் படுகிற இடத்தில். இல்லை, இல்லை, விழா முடிந்ததும் சாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம். என்ன சொல்வது. நேற்றுச் சொன்னதையேதான் சொல்ல வேண்டும், வெயிலில் தெரியாது சார் என்று. இப்போது தெரிந்ததே அம்மா என்பார். பட்டப்பகலில் இருநூறு பேர் பார்த்தார்களே, டிவியில் வந்ததே, யாருக்கு என்ன ஆயிற்று என்பார். அய்யோ. நேற்று வரைக்கும் அவளிடம் உண்மையாவது இருந்தது. இன்று அவள் ஊற்றிய எண்ணெயே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. எண்ணெயை மாற்றினேன் என்று அவரிடம் மட்டும் ரகசியமாக ஒப்புக்கொண்டால்? ஒப்புக்கொண்டால் முகம் சிவக்கும், அப்புறம் நிதானமாக, இதை வெளியே சொல்லிவிடாதீர்கள், பள்ளிக்கூடத்துக்கும் எண்ணெயே அனுப்பிவிடலாம் என்பார். அனுப்புவாரா? அறுபத்திரண்டு பாட்டிலையும் யார் நிரப்புவது, அவளா? மார்ச்சோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது, அதற்கு முன்னாலேயே அவளை வெளியே அனுப்பிவிட்டால், அடுத்து வருகிறவன் லேபிளில் மெத்தனால் என்று இருப்பதைப் பார்த்து மெத்தனாலைத்தானே ஊற்றுவான். அதுதான் அவன் வேலை.

இங்கேயே சொல்லிவிட்டால்? முன்னால் நாலு டிவி கேமரா. விளக்கில் நல்லெண்ணெய் என்று சொன்ன வாய் மூடுவதற்குள், அப்படியானால் எல்லாமே நல்லெண்ணெய்தான் என்று ஆகிவிடும். நாளைக்குப் பேப்பரில் மோசடி என்று வரும். புகையிலிருந்து எரிபொருளாம், பித்தலாட்டம் என்று கொழுந்தனே சொல்வான். அந்த வில்லைகளைப் பற்றி, முப்பத்தாறு மணி நேரத்தைப் பற்றி, கண்ணாடிக் குழாயில் முதல் சொட்டைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள். இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த மாவட்டத்தில் கரியமில வாயு என்று யாராவது பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். ஆலைக்காரனுக்குச் சந்தோஷமாக இருக்கும், புகையை அதன்பாட்டுக்கு விடுவான். ரோஸ்லின், கலியபெருமாள் அண்ணன், எல்லாரும் சேர்த்துப் பதினோரு பேருக்கு வேலை போகும். அந்த நல்ல கேட்டலிஸ்ட், உயிரோடு இருக்கிற கேட்டலிஸ்ட், யாரோ வால்வைத் திறந்துவிட்டுப் போனால் ஒரே நாளில் காற்றுப் பட்டுச் செத்துப்போகும். எல்லாவற்றையும் காப்பாற்றுகிற ஒரு வழி இருந்தது, நேற்றுச் சாயந்திரம் அவள் சொன்னபோது கேட்டிருந்தால். கேட்கவில்லை. கேட்காதவர்கள் யாரும் இப்போது இப்படித் தவிக்கவில்லை, கேளுங்கள் என்று கெஞ்சினவள் தவிக்கிறாள், இது எந்த ஊர் நியாயம். உட்கார்ந்துவிடு என்றது மனசு. உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்று அவளே பதில் சொன்னாள். அப்போது கால் நிமிர்ந்திருந்தது, கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம்" என்றாள். நன்றியுரை சொல்ல வந்தவர் நிறுத்தினார். ஏழாவது வரிசை நோக்கித் தலைகள் திரும்பின. "மேடம், நான் இங்க வேலை பார்க்கிறேன். செங்கமலம். விளக்குல இருக்கிறது மெத்தனால் இல்ல. நல்லெண்ணெய். நான்தான் காலையில மாத்தி ஊத்துனேன்." மதிவதனன் சார் முகத்தில் ரத்தமே இல்லை, ஆனாலும் மைக்கை விடவில்லை. "உட்காருங்கம்மா, அப்புறம் பேசலாம். ரொம்ப நாளா உழைச்சவங்க மேடம், கொஞ்சம் டென்ஷன்" என்றார். கலியபெருமாள் அண்ணன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். கேமராக்காரர்கள் நாலு பேரும் விளக்கை விட்டுவிட்டு அவள் பக்கம் ஓடி வந்தார்கள், அதில் ஒரு இளவட்ட நிருபர், "அப்ப மூணு வருஷமா இங்க செக்குதான் ஆட்டுனீங்களா மேடம்" என்று கேட்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்னால் பரவியது, ஷாமியானா முழுக்கச் சிரிப்பாக இருந்தது, முன்வரிசை சோபாவும் குலுங்கியது. நினைத்தது நினைத்தபடியே நடந்தது. அவள் உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பெடுக்கிற மாதிரி, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"எங்க மெத்தனால் நிஜம் மேடம். பீப்பாய்ல இருக்கு, வந்து பாருங்க. ஆனா அது வெயில்ல எரிஞ்சா யார் கண்ணுக்கும் தெரியாது. இந்த விளக்குல அதை ஊத்தியிருந்தா, பத்தலைன்னு நெனச்சு நீங்க ரெண்டாவது தடவை குனிஞ்சிருப்பீங்க, முந்தானையில பிடிச்சிருக்கும், ஏன் கத்துறீங்கன்னு நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னிருப்போம். அறுபத்திரண்டு ஸ்கூல்லயும் அதுதான் நடக்கும். முன்னாடி உட்கார்ந்திருக்கிற புரொபசர்களைக் கேட்டுப் பாருங்க, நான் சொல்றது தப்புன்னா சொல்லட்டும்."

செயலர் அம்மா தளர்ந்து கிடந்த முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சோபாவைப் பார்த்தார். சிரிப்பு முதலில் நின்றது அங்கேதான்.